செல்லோ மாஸ்டர் கிளாஸ் போகிறவர்களுக்கு: மின்னஞ்சலை அச்சிட்டுக் கொண்டுபோங்கள்

பெங்களூரில் ஒரு செல்லோ மாஸ்டர் கிளாஸில் வாசித்துவிட்டு வந்திருக்கிறேன். செல்லோ என்பது உட்கார்ந்து வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம்; மாஸ்டர் கிளாஸ் என்பது தேர்ந்த கலைஞர் ஒருவர் மேடையில் ஒவ்வொருவரையும் வாசிக்கவைத்து, பார்வையாளர் முன்னிலையில் திருத்தும் வகுப்பு. எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

மேடையேறி வாசிப்பவருக்கு ஒரு கட்டணம், உட்கார்ந்து கேட்பவருக்கு அதில் பாதிகூட இல்லை. நான் கட்டியது வாசிப்பவருக்கான தொகை. வரவேற்பு மேசையிலிருந்த பட்டியலிலோ என் பெயர் கேட்பவர்கள் வரிசையில் கிடந்தது. கைபேசியில் ரசீதைக் காட்டினேன். "எங்கள் பட்டியலில் அப்படி இல்லையே" என்பதைத் தவிர அந்த அம்மையாரிடம் வேறு பதில் இல்லை. சும்மா கேட்டுவிட்டுப் போக யாராவது முதுகில் செல்லோவைச் சுமந்து வருவார்களா? தேர்வுக்கு அனுப்பிய வீடியோவை ஏற்றுக்கொண்டதாக அவர்களே எழுதிய மின்னஞ்சலை அச்சிட்டு வைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. திரையை நம்பாதவர்கள் தாளை நம்பிவிடுகிறார்கள்.

அடுத்த தலைவலி பியானோ. செல்லோவுக்கும் பியானோவுக்குமாகப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே எழுதிய எலெஜியைத் தயார்செய்திருந்தேன். பக்கவாத்தியத்துக்கு ஆள் உண்டு என்று எழுதியிருந்தார்கள். அரங்கில் பியானோ இருந்தது, வாசிக்க ஆள் இல்லை. "தனியாகவே வாசித்துவிடுங்களேன்" என்றார் ஒருங்கிணைப்பாளர். நடுப்பகுதியில் மெட்டைத் தொடங்குவதே பியானோதான். அதைத் தனியாக வாசித்து என்ன பயன்? நல்லவேளையாக, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய ஜி மேஜர் சூட்டின் (பல பகுதிகள் கொண்ட தொகுப்பு) தொடக்கப் பகுதியான பிரெலூட் விரலில் இருந்தது. துணை தேவைப்படாத ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள்.

மேடையில் வழுவழுப்பான கிரானைட் தரை. செல்லோவின் அடியில் நீளும் எண்ட்பின் கம்பி ஊன்றவே இல்லை. வில்லை இழுக்க இழுக்க வாத்தியம் முன்னால் ஓடியது. கம்பியை ஊன்ற விரிப்புப் பாய் கேட்டால் கிடங்குச் சாவி இல்லையாம். வகுப்பெடுத்த கலைஞர் ஒன்றும் பேசாமல் தன் தோல் பெல்ட்டைக் கழற்றினார். நாற்காலிக் காலில் அதை மாட்டி, நுனியிலிருந்த துளையில் கம்பி முனையைச் செருகினார். அசையவில்லை! ஏசியின் வறண்ட காற்றில் நழுவிய பிருடைகளையும் (தந்தியை முறுக்கும் திருகுகள்) அவரே அழுத்தித் திருகிக் கொடுத்தார்.

அதன்பிறகு நடந்தது பொன்னான நேரம். பரோக் இசை, சிம்ஃபனி, திரைப்பட ஒலிப்பதிவு என்று எல்லாப் பக்கமும் வாசித்த கை அது. பிரெலூட்டின் முதல் நான்கு பார்களிலும் (இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டங்கள்) அடியில் நிற்பது விரல் வைக்காத திறந்த ஜி தந்திதான்; மேலே இசைவு மட்டும் மாறுகிறது. "அந்த ஜியை மட்டும் வாசி" என்றார். சுருதிப் பெட்டி போல அது காதில் தங்கிய பிறகு மற்ற ஸ்வரங்களைச் சேர்க்கச் சொன்னார். எந்தெந்த ஸ்வரங்களை ஒரே வில் இழுப்பில் சேர்ப்பது என்று கேட்டதற்குச் சிரித்தார். பாக் தன் கைப்பட எழுதிய பிரதியே கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த நகலும் மற்ற பழைய நகல்களும் அந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரே பகுதியை மூன்று விதமாக வாசித்துக் காட்டிவிட்டு, என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்.

நடுவில் ஒருங்கிணைப்பாளர் பூங்கொத்தும் புகைப்படக்காரருமாக மேடையேறப் பார்த்தார். வில்லாலேயே கைகாட்டி உட்காரவைத்துவிட்டார் மனிதர்.

பதிவுசெய்ய அனுமதி கிடையாது, அதனால் பென்சில் அவசியம். இசைத்தாளில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஆசிரியரிடம் கொடுங்கள். இரண்டிலும் பார் எண்களை முன்கூட்டியே எழுதிவையுங்கள். "22-ஆம் பாரில் நிற்கிறாயே, அங்கிருந்து" என்று அவர் சொன்னபோது தேடாமல் தொடங்க முடிந்தது அதனால்தான்.