32 ஜிபி ரேம் போட்ட பிறகு காலையில் மட்டும் விழுந்த கணினி: பதினெட்டு நாள் குறிப்பு

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களைப் படமெடுத்து, அந்தப் படங்களை இணைத்து முப்பரிமாண வடிவமாக்குவது சில ஆண்டுகளாக என் விடுமுறை நாள் வேலை. ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடும் கற்கள் பலவற்றில் எண்ணெயும் மஞ்சளும் ஏறி, வட்டெழுத்து வரிகள் வெறும் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. கணினியில் வடிவத்தைத் திருப்பி ஒருபக்கமாக ஒளி பாய்ச்சினால் அவை மேலெழுந்து தெரியும். ஒரு கல்லுக்கு நூற்றைம்பதிலிருந்து இருநூறு படம் வரை தேவைப்படும். அவற்றை இணைக்கும்போது என்னிடமிருந்த 16 ஜிபி ரேம் நிரம்பி, மிச்ச வேலை ஹார்ட் டிஸ்கிற்குப் போய்விடும். 180 படங்கள் கொண்ட ஒரு கல்லுக்கு நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆனது. அதனால்தான் இன்னொரு 16 ஜிபி வாங்கத் தீர்மானித்தேன்.

என் கணினியில் இருப்பது 2018-இல் வந்த தலைமுறையைச் சேர்ந்த ஆறு கோர் பிராசசர். மதர்போர்டில் நான்கு ரேம் ஸ்லாட்கள். முன்பே இருந்தவை 8 ஜிபி டிடிஆர்4 ரேம்கள் இரண்டு, 3200 வேகம். பெங்களூரு எஸ்பி ரோட்டில் அதே நிறுவனத்தின் அதே மாடல் எண் கொண்ட இரண்டை வாங்கி வந்தேன். லேபிளில் சிப்கள் அமைந்த விதத்தைக் குறிக்கும் 1ஆர்எக்ஸ்8 என்ற குறியீடு உட்பட எல்லாம் ஒன்றாகவே இருந்தன. ஒரே மாடல் எண்ணில் வந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறு தயாரிப்பாளருடையதாக இருக்கலாம் என்பதும், என் பழைய ஜோடிக்கும் புதிய ஜோடிக்கும் அப்படித்தான் இருந்தது என்பதும் பிறகுதான் தெரிய வந்தது.

முதல் நாள் மாலை நான்கையும் பொருத்திவிட்டு சுவிட்சைப் போட்டபோது மின்விசிறிகள் சுற்றின, திரை கறுப்பாகவே இருந்தது, மதர்போர்டின் ஓரத்தில் ரேமைக் குறிக்கும் சிறு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இதில் புதிர் எதுவும் இல்லை. இந்த போர்டில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே கொக்கி உண்டு. மறுமுனை ரேமை அழுத்தினால்தான் உட்காரும். மூன்றாவது ரேமில் கொக்கிப் பக்கம் ‘டக்’கென்று சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டிருக்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது மறுமுனையில் தங்கப் பூச்சுள்ள முள் வரிசை ஒரு நகக்கண் அளவுக்கு வெளியே தெரிந்தது. மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, போர்டு லேசாக வளைகிறதே என்ற பயத்தோடு அழுத்தினேன், உட்கார்ந்தது. கணினி தொடங்கியது, பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடி பாகங்களைத் தயார் செய்யும் அடிப்படை மென்பொருள்) 32 ஜிபி காட்டியது. அன்றிரவு அதே 180 படக் கல்லின் வடிவத்தை ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடித்தபோது இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கணினியைப் போட்டேன். விண்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் நான்கைந்து முறை சுற்றின, விண்டோஸ் நிலைகுலைந்ததைச் சொல்லும் நீலத்திரை விழுந்தது. தானாக மறுபடி தொடங்கி, மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை எதுவுமே நடக்காததுபோல உள்ளே போய், பகல் முழுவதும் ஒழுங்காக ஓடியது. அடுத்த நாளும் அதே கதை. ஒரு நாள் நீலத்திரையில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றிருந்தது, மறுநாள் ‘ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’, அதற்கடுத்த நாள் வேறொன்று. ஒரு டிரைவரில் (பாகங்களை இயக்கும் மென்பொருளில்) கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பிழைப்பெயர் திரும்பத் திரும்ப வரும். பெயர் நாளுக்கொன்றாக மாறினால் ரேமைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்திருந்தும், காலையில் மட்டும் வருகிறதே என்ற ஒன்று என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று.

சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சூடுதான் காரணமென்றால் மதியம் இரண்டு மணிக்கல்லவா விழ வேண்டும்? அறை குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் விழுந்தது. ஆகவே சூட்டை விட்டுவிட்டேன். அதிகாலையில் மின்னழுத்தம் மாறுகிறதோ என்று யுபிஎஸ்ஸைச் சந்தேகித்தேன், நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. தூசும் காரணமாகலாம் என்று நான்கு ரேம்களின் முட்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். அழிரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம்மூரில் பரவலாக உண்டு. ஆனால் ரப்பரின் கரகரப்பு அந்த மெல்லிய தங்கப் பூச்சைச் சுரண்டுவதோடு, துகள் ஸ்லாட்டுக்குள்ளும் விழும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. சிஆர்2032 பட்டன் செல்லைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்து பயாஸ் அமைப்புகளை அழித்தேன். பிறகு எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் லேபிளில் உள்ள வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பை, மறுபடி இயக்கினேன். இந்தக் கடைசி வரியை அன்று குறிப்பேட்டில் எழுதும்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் மெம்டெஸ்ட்86+ ஓட்டினேன். ரேமைச் சோதிக்கும் இலவச மென்பொருள், பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும், விண்டோஸ் தேவையில்லை. 2022-இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் யுஇஎஃப்ஐ என்ற புதிய வகை பயாஸ் கொண்ட கணினிகளிலும் ஓடுகிறது. பழைய ஜோடியை மட்டும் வைத்து நான்கு சுற்று: பிழை இல்லை. புதிய ஜோடியை மட்டும் வைத்து நான்கு சுற்று: பிழை இல்லை. ஜோடியாகச் சோதிக்கும்போது கையேடு சொல்லும் ஸ்லாட்களில், அதாவது பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும், போட்டேன். இரண்டு ஜோடியும் தேறிவிட்டதால் ரேமில் குற்றமில்லை என்று குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதி, தேடலை விண்டோஸ் பக்கம் திருப்பினேன். நான் செய்த பெரிய பிழை இதுதான். ஒரு வாரம் இதில் போயிற்று.

எட்டாம் நாள் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்தினேன். அது இயங்கும்போது கணினியை ‘ஷட்டவுன்’ செய்தால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் நினைவகத்தில் எப்படி இருந்ததோ அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே திரும்ப ஏற்றுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். இரவில் நினைவகத்தில் ஓர் எழுத்து பிறழ்ந்திருந்தால் அந்தப் பிறழ்வும் டிஸ்கில் பதிந்து காலையில் எழுந்து வரும். இதை நிறுத்தியதும் இரண்டு காலை நீலத்திரை விழவில்லை. நோய் தீர்ந்தது என்றே நம்பினேன். மூன்றாம் காலை மறுபடி விழுந்தது.

என்னை உண்மையில் அசைத்தது பதினொன்றாம் நாள் பார்த்த ஒரு படம். தென்பெண்ணைக் கரையோரம் எடுத்த ஒரு கல்லின் படம் பாதி வரை சரியாக இருந்து, வீரனின் இடுப்புக்குக் கீழே முழுவதும் ஊதா நிறமாகி, ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்திருந்தது. ஜேபெக் கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அந்த இடத்திலிருந்து கீழே உள்ளதெல்லாம் இப்படித் தடுமாறும். கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை, ஏனென்றால் அந்தக் கல்லுக்கு இப்போது எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். திரும்பப் போய் எடுக்க முடியாது. நல்லவேளை, கேமரா அட்டையை நான் அழித்திருக்கவில்லை. அன்றிரவே அட்டையிலிருந்த மூலக் கோப்புகளையும் கணினியில் ஏற்றியிருந்த படிகளையும் ஹாஷ் எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிட்டேன். அந்த வாரத்தில் ஏற்றியவற்றில் மூன்று கோப்புகளின் எண்கள் பொருந்தவில்லை. ஆக, கணினி விழாமல் ஓடிய பகல் வேளையிலும் சத்தமில்லாமல் தவறு நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதோடு கணினியில் படங்களைத் தொடுவதை நிறுத்தினேன்.

மறுநாள் தருமபுரிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே கணினி பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, “அண்ணா, ரெண்டு ரெண்டாத்தானே ஓட்டிப் பார்த்தீங்க? நாலையும் சேர்த்துப் போட்டு ஓட்டவே இல்லையே” என்றார். எந்த நிலையில் கணினி விழுகிறதோ அந்த நிலையை மட்டும் நான் சோதிக்கவே இல்லை. வீடு திரும்பியதும் நான்கையும் போட்டு, எக்ஸ்எம்பி 3200-இலேயே வைத்து மெம்டெஸ்ட்டை ஓட்டினேன். நாற்பது நிமிடத்தில் சிவப்பு வரி வந்தது. எதிர்பார்த்த மதிப்பு, கிடைத்த மதிப்பு என்று பக்கத்தில் பக்கத்தில் பதினாறு இலக்கங்கள். விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போனேன்; ஓரிடத்தில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 0 இருந்தது, மற்ற பதினைந்தும் சரி. இருமத்தில் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 0000, அதாவது ஒரே ஒரு பிட். பதினோரு நாட்களாக என்னை அலைக்கழித்தது அதுதான்.

ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு சேனல்கள் கிளம்புகின்றன. ஒவ்வொரு சேனலிலும் இரண்டு ஸ்லாட். இரண்டு ரேம் மட்டும் இருந்தால் சேனலுக்கு ஒன்று. நான்கானால் ஒரே வாய்க்காலில் இரண்டு மடை திறந்தாற்போல ஒரே கம்பித் தடம் இரண்டைச் சுமக்க வேண்டும். சுமை கூடுவதோடு, தடத்தின் முனைகளில் சமிக்ஞை எதிரொலித்துத் திரும்பி அடுத்து வரும் பிட்டோடு கலக்கிறது. 3200 வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 0.3125 நானோ வினாடி, 2666-இல் 0.375. இந்தச் சிறு இடைவெளிக்குள்தான் 0-வா 1-ஆ என்று முடிவாகிறது. (3200 மெகாஹெர்ட்ஸ் என்று நாம் சொல்வது உண்மையில் வினாடிக்கு 3200 மில்லியன் பரிமாற்றம், கடிகார வேகம் அதில் பாதி.) என் பிராசசருக்கு அறிவிக்கப்பட்ட உச்ச வேகமே 2933 தான், நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் அதற்கும் கீழே. எக்ஸ்எம்பி என்பது அந்த வரம்பைத் தாண்டி ரேமை ஓட்டும் ஏற்பாடு. இரண்டு ரேம் இருந்தவரை என் கணினி அதைத் தாங்கியதால், அது வரம்பு மீறல் என்பதே மறந்துபோயிற்று.

காலையில் மட்டும் விழுந்ததற்கும் இதிலேயே விடை கிடைத்தது. இரவில் நான் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவேன். மின்சாரம் முற்றிலும் நின்று திரும்ப வரும்போது பயாஸ் ஒவ்வொரு ரேமுக்கும் சமிக்ஞை நேரத்தைப் புதிதாக அளந்து பொருத்துகிறது. இதை மெமரி டிரெயினிங் என்பார்கள். விளிம்பில் நிற்கும் அமைப்பில் அந்த அளவு ஒவ்வொரு முறையும் ஒரு துளி மாறி அமையும். ஒரு காலை நல்ல இடத்தில் அமையும், மற்றொரு காலை அமையாது. மறுதொடக்கத்திலும் அந்த அளவு மாறியிருந்தால், மூன்றாம் முறை தானே சரியானதும் அதனால்தான் இருக்கும்.

அடுத்த நான்கு இரவுகள் சோதனையில் கழிந்தன. நான்கு ரேமுக்கு ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிடித்தது. எக்ஸ்எம்பி அமைப்பை ஏற்றிவிட்டு, 1.35 வோல்டையும் டைமிங்கையும் தொடாமல், வேகத்தை மட்டும் 2933-க்குக் குறைத்தேன். மூன்றாம் சுற்றில் ஒரு பிழை வந்தது. ஒன்றுதானே என்று விட எனக்கு மனம் வரவில்லை, அந்த ஊதா நிறப் படம் கண்முன் நின்றது. 2666-க்கு இறக்கினேன்: ஓர் இரவில் நான்கு சுற்று, மறு இரவில் இன்னும் நான்கு, பிழை இல்லை. வோல்டேஜைக் கூட்டி 2933-ஐ நிற்கவைக்க வழி உண்டு. என் வேலைக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் அதே 180 படக் கல் 2666-இலும் ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. நேரத்தைத் தின்றது ரேமின் வேகம் அல்ல, இடமின்மை.

பிறகு எஸ்எஃப்சி கட்டளையால் விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்த்தேன். சிதைந்திருந்த சிலவற்றை அது மாற்றி வைத்தது. அந்த வாரத்துப் படங்கள் அனைத்தையும் அட்டையிலிருந்து மீண்டும் ஏற்றி, ஹாஷ் எண்கள் பொருந்திய பிறகே அட்டையைக் காலி செய்தேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தியபடியே வைத்திருக்கிறேன். பதினெட்டாம் நாளுக்குப் பிறகும் ஒவ்வொரு காலையும் முதல் தொடக்கத்தைக் குறித்து வருகிறேன். இதுவரை இருபத்தொரு காலை, ஒரு நீலத்திரையும் இல்லை. பெயின்ட் அடிக்கப்பட்ட அந்தக் கல்லின் வடிவம் நேற்று முடிந்தது. இடப்பக்கம் தாழ்வாக ஒளி வைத்துப் பார்த்தபோது, வீரனின் தோளுக்கு மேலே இரண்டு வரி எழுத்து இருக்கிறது.