தம்பியின் இடது கை

ஆடி 3, வெள்ளி (19.07.2024)

காலையில் பதினொன்று, ராத்திரி எட்டு. எண்ணிவிட்டேன். இடது கையை முஷ்டி பிடித்து, இடது காதுக்கு மேலே, ஒரே இடத்தில் அடித்துக்கொள்கிறான். அங்கே முடி கொட்டி, மாட்டின் கழுத்தில் நுகத்தடி பட்ட இடம் மாதிரி தோல் காய்த்துவிட்டது. தம்பி என்று கூப்பிடுவது என் மகனைத்தான். ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று மூன்றரை வயதில் சொன்னார்கள்.

அத்தை இன்றைக்கும் கேட்டார்கள். "கணுக்கால்ல ஒரே ஒரு சூடு போட்டுப் பார்ப்பமா? எங்க காலத்துல வலிப்பு வந்த புள்ளைக்கெல்லாம் அதான்." கல்மனசுக்காரர் இல்லை. ராத்திரியில் அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்து விடிய விடிய உட்கார்ந்திருப்பது அவர்கள்தான். பார்க்கச் சகிக்காமல் கேட்கிறார்கள். "வேண்டாம் அத்தை" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா என்று தூக்கமே வரவில்லை.

ஆடி 5, ஞாயிறு (21.07.2024)

எழுதிவிடுகிறேன். சித்திரையில் ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போனோம். பேர் வேண்டாம். அங்கே இருந்தவர் தம்பியின் இடது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டினார். தலையில் அடிக்கும்போதெல்லாம் இழுத்துச் சுண்டணும், ஒரு தடவைகூட விடக்கூடாது, வலித்தால்தான் மறப்பான் என்றார். பணம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் நானே சுண்டினேன். நாலு நாள்.

கேட்டது. அதையும் மறைக்கக் கூடாது. முதல் நாள் இருபது அடிக்கு மேல், மூன்றாம் நாள் ஒன்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாலாம் நாள் சோறு ஊட்டும்போது பருப்பு சாதத்தில் ரத்தம். கீழுதட்டை உள்பக்கமாகக் கடித்துக் குதறி வைத்திருந்தான். கை நின்றுவிட்டது, பல் ஆரம்பித்துவிட்டது. ரப்பர் பேண்டைக் கழற்றி எறிந்தேன். ஒரு வாரத்தில் கை பழையபடி தலைக்குப் போனது.

ஆடி 7, செவ்வாய் (23.07.2024)

தங்கை திருச்சியில் சிறப்புக் கல்வி படித்தவள். ரப்பர் பேண்ட் கதையை அவளிடம் இன்றுதான் சொன்னேன். திட்டவில்லை. "அக்கா, இது நம்மூர்ல முளைச்சதில்ல" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினாள்.

1965-இல் அமெரிக்காவில் இவார் லோவாஸ் என்ற உளவியலாளர் ஐந்து வயது இரட்டையர் இருவரை, மின்சாரம் பாயும் தரையில் வெறுங்காலோடு நிற்க வைத்திருக்கிறார். பெரியவர்களிடம் போனால் ஷாக் நிற்கும். பிள்ளைகள் ஓடிவந்தார்களாம். அதை முன்னேற்றம் என்று எழுதிவைத்தார்களாம்.

பழங்கதை என்று நினைத்தால், இன்றும் நடக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் ஜட்ஜ் ரோட்டன்பெர்க் மையம், தம்பி மாதிரிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம். 1971-இல் மேத்யூ இஸ்ரேல் என்பவர் தொடங்கியது. பிள்ளைகள் உடம்பில் மின்முனைகளை ஒட்டி, பேட்டரியை முதுகுப்பையில் மாட்டிவிடுவார்கள். ரிமோட் ஊழியர் கையில். 2002-இல், கோட்டைக் கழற்றச் சொல்லிக் கழற்றாததில் ஆரம்பித்து, 18 வயதுப் பையன் ஒருவனை மணிக்கணக்கில் பலகையில் கட்டிவைத்து 31 ஷாக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீடியோ 2012-இல் நீதிமன்றத்தில் போட்டுக் காட்டப்பட்டது. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் இந்தக் கருவியைத் தடை செய்தது. 2021-இல் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2022 கடைசியில், தடை செய்ய வழி விடும்படி சட்டத்தையே திருத்தினார்கள். இந்த மார்ச்சில் தடையை மறுபடி முன்மொழிந்திருக்கிறார்கள்.

தடை கூடாது என்று வழக்காடியவர்களில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் உண்டு. என்னைத் தூங்கவிடாதது அதுதான். எல்லா மருந்தும் கொடுத்தோம், எல்லாப் பள்ளியும் விரட்டியது, இது இல்லையென்றால் என் பிள்ளை கண்ணைக் குத்திக்கொண்டு குருடாகிவிடுவான் என்று ஒரு தாய் சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்? மூன்றாம் நாள் "ஒன்று" என்று நோட்டில் எழுதியபோது எனக்கு வந்த சந்தோஷம்தானே அவளுக்கும்?

ஆனால் என் பெரியவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஸ்கேலால் அடித்தால் நாளைக்கே போய் நிற்பேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு என் பக்கம் இருக்கிறது. தம்பியை ரப்பர் பேண்டால் சுண்டினால் அதற்குப் பேர் பயிற்சி. வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குச் செய்தால் குற்றம், சொல்லத் தெரியாத பிள்ளைக்குச் செய்தால் வைத்தியமா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கொடூரமாக நடத்தக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. சுண்டும்போது எனக்கு அது தெரியாது. தெரியாமல் சுண்டினாலும் அவனுக்கு வலித்திருக்கும்.

ஆடி 8, புதன் (24.07.2024)

பதினாறு. மூன்று மணி வரை தூங்கவில்லை. எழுதத் தெம்பு இல்லை.

ஆடி 10, வெள்ளி (26.07.2024)

எத்தனை அடி என்று எண்ணுவதை விட்டுவிட்டு, அடிக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று எழுதச் சொன்னாள் தங்கை. இந்த மாதிரி நடத்தை எதையோ கேட்கிறது, அதைக் கேட்க வேறு வழி கற்றுக்கொடுத்தால் இது குறையும் என்று எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற இருவர் 1985-லேயே செய்து காட்டியிருக்கிறார்களாம். கூடவே, முதலில் உடம்பைப் பார் என்றாள். காது, பல், மலச்சிக்கல். பேசாத பிள்ளைக்கு வலி இருந்தால் கைதான் பேசும்.

மூன்று நாள் நோட்டைப் பார்க்கிறேன். சாப்பிட்டுப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு கூட்டம். சூடான ரசம் சாதம் என்றால் நிச்சயம். இன்னொரு கூட்டம், பக்கத்து வயலில் ஆயில் இன்ஜின் ஓடும் நேரம். இந்த வருஷம் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை, குறுவை பூராவும் போர்த் தண்ணீர்தான். பகலெல்லாம் இன்ஜின். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காதே மரத்துவிட்டது.

ஆடி 13, திங்கள் (29.07.2024)

தஞ்சாவூரில் பல் டாக்டர். இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் வாயைத் திறக்க முடிந்தது. இடது பக்கம், கீழே, கடைவாய்ப் பால்பல். நரம்பு வரைக்கும் சொத்தை. எத்தனை நாளாக இருக்கும் டாக்டர் என்று கேட்டேன். மாசக்கணக்கில் இருக்கும்மா என்றார்.

மாசக்கணக்கில். சித்திரையிலும் இருந்திருக்கும். இங்கே வலிக்கிறது என்று காட்டிய கையைத்தான் நான் சுண்டியிருக்கிறேன். பாபநாசம் பஸ்ஸில் வரும்போது அவன் என் மடியில் தூங்கிவிட்டான். இவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

மேட்டூரை நேற்றுத் திறந்துவிட்டார்களாம். பஸ் முழுக்க அதே பேச்சு.

ஆடி 16, வியாழன் (01.08.2024)

பல்லைப் பிடுங்கியபின் சாப்பாட்டு நேரத்து அடி நின்றுவிட்டது. இன்ஜின் நேரத்து அடி நிற்கவில்லை. இன்று நாலு. காது இரண்டையும் பொத்திய பிள்ளைப் படம் ஒன்றை அட்டையில் வரைந்திருக்கிறேன். அதைத் தொட்டால் உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவேன். அவன் கையைப் பிடித்து நான்தான் தொட வைக்கிறேன். அவனாக ஒரு தடவை தொட்டான். தற்செயலாகவும் இருக்கலாம். அத்தைக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அட்டையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டே திரிகிறார்கள்.

ஆடி 18, சனி (03.08.2024)

குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. செம்மண் நிறத்தில், நுரையோடு. காப்பரிசி, காதோலை கருகமணி எல்லாம் எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனோம். பெரியவள் சப்பரம் இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். தம்பி கடைசிப் படியில் காலை நனைத்துக்கொண்டு சிரித்தான்.

அத்தை எல்லோருக்கும் மஞ்சள் கயிறு கட்டினார்கள். தம்பிக்கு நான் கட்டப்போனேன். கயிறு மணிக்கட்டில் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். சித்திரை போய் மூன்று மாதமாகிறது.

"விடும்மா, வேணாம்" என்றார்கள் அத்தை. அவன் கயிற்றையும் என் கையிலேயே கட்டிக்கொண்டேன்.