காலைக் கை, மாலைக் கை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வைகையில் மணல்தான். கலந்த சாதம் கட்டிக்கொண்டு போக இந்த வருடம் யாரும் கிளம்பவில்லை.

மாத்திரை நாள். விரல் மூட்டு வீக்கத்துக்குக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். மருந்துக்கடைக்காரர் அட்டையின் பின்னால் சிவப்பு மையில் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வெட்டரிவாளின் பிடி நீளவாக்கில் பிளந்துவிட்டது. கருவை முள்ளை வெட்டிக்கொண்டிருந்தபோது 'சடக்' என்றது. அலகு, பிடியின் கழுத்தில் இருக்கும் இரும்புப் பூணோடு சேர்ந்து ஆடுகிறது. அலகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. திருப்பாச்சேத்தியில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, மாமனார் காலத்துச் சரக்கு.

சந்தையில் கடைசல் பிடி விற்கிறார்கள். எல்லாமே உருண்டை. உருண்டைப் பிடி கைக்குள் சுழலும். வெட்டும்போது அலகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கைக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். முட்டை வடிவமாக இருந்தால் பிடித்த மாத்திரத்தில் தெரியும். இதை விற்பவரிடம் சொன்னேன். "வீட்டில் ஆம்பளை யாரையாவது அனுப்புங்கள், பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்" என்றார். கதிர் அரிவாள் என்றால் பெண்களிடம் நீட்டுவார்கள், வெட்டரிவாள் என்றால் மட்டும் ஆம்பளை வர வேண்டும்! ஆட்டுக்குக் குழை ஒடிப்பது யார், அடுப்புக்குக் கருவை வெட்டுவது யார் என்று கேட்கலாம் என்றிருந்தது. கேட்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை ஒன்பது மணி வரை விரல் மடங்கவில்லை. குழாயைத் திறக்க வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆசாரி வந்தார். கொல்லையில் காற்றில் முறிந்த பூவரசங்கிளையைக் காட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டு, "பச்சையாக இருக்கிறது, அக்கா. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும். இப்போதே பிடி போட்டால் மரம் சுருங்கிப் பூண் கழன்றுவிடும்" என்றார். நம் ஊர் வெயிலுக்கு அவ்வளவு ஆகாது என்று வாதாடிப் பார்த்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் வெட்டுமுனையிலிருந்து வெடித்துக்கொண்டு வருமாம். முனைகளில் மெழுகு பூசி நிழலில் போடச் சொன்னார். போட்டிருக்கிறேன். அடுத்த பிடிக்கு ஆகும்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அவர் பட்டறையில் பழைய மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்று கிடக்கிறதாம். ஆரக்கால் கருவேலம். நாட்டுக் கருவேல், சீமை அல்ல. வைரம் பாய்ந்து, பல வருடம் காய்ந்தது. ஆரக்காலுக்கு நார் கோணாத மரத்தைத்தான் எடுப்பார்கள், இல்லையென்றால் பாரம் ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கும்போது முறிந்துவிடும். பிடிக்கு வேண்டியதும் அதேதான்.

"எத்தனை கனம் வைக்கட்டும்?" என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

மானாமதுரைக்குப் போன கையோடு வேளார் வீட்டில் ஒரு உருண்டை களிமண் வாங்கி வந்தேன். கடம் செய்யும் ஊரில் ஒரு கைப்பிடி மண்ணுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

விடிந்ததும் ஒரு பாதியை உருட்டி, அரிவாளைப் பிடிப்பதுபோல் பிடித்து அழுத்தினேன். மாலையில் மறு பாதியை. இரண்டையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாலை மண்ணில் விரல் நுனிகள் கட்டை விரலின் அடிமேட்டை ஏறக்குறையத் தொட்டிருக்கின்றன. காலை மண்ணில் நடுவே அகலமான மேடு நிற்கிறது. விரல்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. நடுவிரலின் கணு பதிந்த இடம் மட்டும் குழியாக, வழவழவென்று இருக்கிறது. இரண்டும் என் கைதான். வேறு வேறு ஆள் என்று சொன்னால் எவரும் நம்புவார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாத்திரை. நாள் முழுக்க வாயில் கசப்பு. மகள் அழைத்தாள். "அம்மா, ரப்பர் பிடி போட்ட கத்தியே கிடைக்கிறது, அனுப்பட்டுமா?" வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். தெரியவில்லை, வேண்டாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆசாரியிடம் காலை மண்ணைக் கொடுத்தேன். மாலை மண்ணைக் காட்டவில்லை.

ஆரக்காலை அறுத்ததும் உள்ளே கருஞ்சிவப்பு. அரம் போட்டு விளிம்பு மழுக்கி, கடைசி முனையில் ஒரு குமிழ் விட்டார். ஓங்கி வெட்டும்போது பிடி நழுவினாலும் சுண்டுவிரல் அந்தக் குமிழில் மாட்டிக்கொள்ளும். இறுக்கிப் பிடிக்க முடியாத கைக்கு அது பெரிய உதவி. உப்புத்தாள் தேய்க்கும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன். வழவழப்பாக்க வேண்டாம், வியர்த்தால் வழுக்கும் என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூக்கம் வரவில்லை.

பிடி தலைமாட்டில் இருக்கிறது. இருட்டில் எடுத்துப் பிடித்துப் பார்க்கிறேன். இந்த நேரத்துக் கைக்கு அது தடிமன். விடிந்தால் சரியாக இருக்கும். மருந்து வேலை செய்ய ஆறு வாரமாவது ஆகும், சிலருக்குப் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதுவரை வீக்கத்துக்கு அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. சரி. மருந்து கேட்டுவிட்டால்? காலைக் கையும் மாலைக் கைபோல ஆகிவிட்டால், இந்தப் பிடி எனக்கு உதவாது. அப்படியென்றால் வீக்கம் வடியாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் இத்தனை கனம் வைக்கச் சொன்னேனா? மாத்திரையை விழுங்கிவிட்டு இன்னொரு பக்கம் மாத்திரைக்கு எதிராகப் பிடி செய்கிறேனா?

ஆசாரியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "மரத்தை எடுக்கலாம் அக்கா, ஒட்டத்தான் முடியாது. தடிமனாகவே இருக்கட்டும்." அவருக்கு அது வெறும் தொழில் கணக்கு. எனக்கு அந்தப் பதில் பத்தவில்லை.

மெலிதாகச் செய்தால் மட்டும் என்ன? ஆடு விடியலில் கத்துகிறது. குழை வெட்ட வேண்டியது காலைக் கை. மாலைக் கைக்குத் தொலைக்காட்சி பார்ப்பதைத் தவிர என்ன வேலை?

ஆகஸ்ட் 15, வெள்ளி

பட்டறை விடுமுறை. பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

பிடி ஏறிவிட்டது.

கொல்லர் முதலில் பூணை உலையில் காய்ச்சி மரத்தின் கழுத்தில் இறக்கினார். ஆற ஆற அது தானாக இறுகிக்கொள்ளும், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதும் இப்படித்தான். பிறகு அலகின் வால், அதாவது பிடிக்குள் இறங்கும் முனை. மரத்தில் வாலைவிடக் குறுகலாக ஒரு துளை போட்டு வைத்திருந்தார். வாலை மட்டும் சிவக்கக் காய்ச்சினார். அலகில் ஈரச் சாக்கைச் சுற்றியிருந்தது. அந்தப் பக்கம் சூடு ஏறினால் முறுக்கு இறங்கிக் கூர் நிற்காது. துளையில் வைத்து அழுத்தியதும் வெண்புகை, எரிந்த கருவேல வாடை, கண்ணில் நீர். வால் தனக்கான இடத்தைத் தானே சுட்டு எடுத்துக்கொண்டது. உடனே உருவி, கரியைத் தட்டிவிட்டு, அரக்குப் பொடியைப் போட்டு மறுபடி இறக்கினார். குமிழைத் தரையில் ஓங்கிக் குத்த, அலகின் பாரத்திலேயே வால் உள்ளே போய் உட்கார்ந்தது.

"யாருக்கம்மா இவ்வளவு பருமன்?" என்றார். எனக்குத்தான் அய்யா என்றேன். என் விரல் கணுக்களைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை, கூலியில் இருபது ரூபாயைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. முழுக்காசையும் உலைத் திட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாத்திரை. வீட்டுக்காரர் பிடிக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம் என்கிறார். அது எந்தக் காலத்திலும் காயாது, பிசுக்கேறி அழுக்குதான் பிடிக்கும். காயக்கூடிய லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் வாங்கிப் பூசினேன். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும். கொடியில் விரித்துப் போட்டிருக்கிறேன், அதைப் போய் யாரும் மடித்து வைக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 18, திங்கள்

எண்ணெய் காயவில்லை. பொறுமையும் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஆறு மணிக்கே இறங்கி அகத்தி வெட்டினேன். பிடி கைக்குள் சுழலவில்லை. கிளைக்கு ஒரு வெட்டு போதும். கருவை மேல் இன்னும் போடவில்லை, மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான்.

நாளை ரத்தப் பரிசோதனை, கல்லீரலுக்கும் சேர்த்து. சாப்பிட்டுவிட்டு வரலாமா கூடாதா என்று கேட்க மறந்துவிட்டேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதற்குள் ஆட்டுக்குக் குழை வெட்டியாக வேண்டும்.