பழைய வாட்சோட மறுபதிப்பு: பழசா நடிக்காத வரைக்கும் எனக்கு ஓகே

ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒரு எச்எம்டி பைலட் வாங்கினேன், எழுபதுகள் மாடல், ஒரிஜினல் டயல்னு போட்டிருந்தாங்க. கைக்கு வந்ததும் சாவி கொடுத்துப் பார்த்தா ஜோரா ஓடுது, ஆனா எழுத்து மட்டும் கொஞ்சம் தடிச்சு இருக்குற மாதிரி இருந்துச்சு. எங்க ஏரியா வாட்ச் ரிப்பேர் கடை ஐயாகிட்ட கொண்டு போனேன், கண்ணுல லென்ஸை மாட்டிப் பார்த்துட்டு "தம்பி, மிஷின் நல்லாருக்கு, டயல் புது பெயிண்ட்"னு சொல்லிட்டார். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. காசு போனதை விட, இல்லாத ஒரு வயசை எனக்கு வித்துட்டாங்களேங்குறதுதான் வலிச்சுது.

அதுக்கப்புறம்தான் ரீஇஷ்யூ வாட்ச் மேல எனக்கு இருந்த இளக்காரம் போச்சு. கம்பெனியே தன்னோட பழைய மாடலை திரும்பச் செஞ்சு, இது 2017ல செஞ்சது, இது 2020ல செஞ்சதுன்னு நேரடியா சொல்லி விக்கிறாங்க, அதுல என்ன தப்பு? பழசை மட்டுமே வாங்குறவங்க நிறைய பேர் இதைத் தொடக்கூட மாட்டாங்க, அவங்க பக்கம் நியாயம் இல்லாம இல்ல, ஒரு மனுஷன் முப்பது வருஷம் கட்டின கீறல் புது வாட்ச்ல கிடைக்காதுதான். ஆனா அந்தப் பழசை வாங்குறது எவ்வளவு ரிஸ்க்குன்னும் பார்க்கணும். 2021 நவம்பர்ல ஜெனீவால ஃபிலிப்ஸ் ஏலத்துல ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் ஸ்விஸ் ஃப்ராங்குக்கு மேல போச்சு, 2023ல பார்த்தா அது பல வாட்சோட பார்ட்ஸைச் சேர்த்து ஒட்டினது, இதுல தங்களோட முன்னாள் ஊழியர்களுக்கே சம்பந்தம் இருக்குன்னு ஒமேகாவே சொல்லிடுச்சு. அவ்வளவு பெரிய இடத்துலயே இந்த நிலைமைன்னா ஆன்லைன்ல ஃபோட்டோ பார்த்து வாங்குற நம்ம கதி என்ன.

ஆனா எல்லா ரீஇஷ்யூவும் எனக்குப் பிடிக்கும்னு இல்ல. என்னை ரொம்ப உறுத்துறது அந்த க்ரீம் கலர் லூம், அதாவது ஒளிர்ற பூச்சு. பழைய வாட்ச்ல இருட்டுல ஒளிரணும்னு முதல்ல ரேடியம் வச்சாங்க, அப்புறம் அறுபதுகள்ல இருந்து ட்ரிடியம். ட்ரிடியத்தோட அரை ஆயுள் 12 வருஷம் சொச்சம்தான், அதனால ஒளி மங்கிப் போய், அந்தப் பொடியும் வருஷக்கணக்குல வெயில் ஈரம் எல்லாம் பட்டு மஞ்சளாகி மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்துடும். இப்ப வர்ற ரீஇஷ்யூல என்ன பண்றாங்கன்னா புது லூமையே அந்த மஞ்சள்ல கலந்து வைக்கிறாங்க. அறுபதுகள்ல கடையில போய் வாங்கினவர் பார்த்தது வெளுப்பா இருந்த லூமைத்தானே, அவர் பார்த்த வாட்சை எனக்குக் குடுங்க, அதுக்கு வயசான மாதிரி மேக்கப் போட்டு எதுக்குக் குடுக்கணும்? வயசை நான் கட்டிக் கட்டி ஏத்திக்கிறேன். என் பைலட்டுக்கு அடிச்ச பெயிண்டுக்கும் இதுக்கும் எனக்கு மனசுல கொஞ்சம் சொந்தம் தெரியுது, இங்க ஏமாத்தல, சொல்லித்தான் செய்றாங்க, இருந்தாலும்.

அடுத்தது டேட் ஜன்னல். லாஞ்சின்ஸ் கம்பெனியோட லெஜண்ட் டைவர் 2007ல வந்தப்ப பழைய மாடல் மாதிரியே தேதி இல்லாமதான் வந்துச்சு, அப்புறம் மூணு மணி பக்கத்துல ஒரு ஓட்டை போட்டு தேதி வச்சாங்க, வாட்ச் சேர்க்குறவங்க வருஷக்கணக்குல புலம்பினாங்க, 2023ல 39 மில்லிமீட்டர்ல மறுபடி தேதி இல்லாம வந்துச்சு. வெளில இருக்குறவங்களுக்கு இது அற்ப விஷயமா தெரியலாம், ஆனா அந்த டயலோட சமநிலையே அங்கதான் இருக்கு.

மெஷின் விஷயத்துல ஒமேகா செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2017ல அவங்க 1957ல வந்த தங்களோட மூணு மாடலை ஸ்கேன் பண்ணி திரும்பக் கொண்டு வந்தாங்க, ஒவ்வொண்ணும் 3557 பீஸ். வெளில அச்சு அசல், ஆனா அதுல ஒண்ணான ஸ்பீட்மாஸ்டருக்குள்ள இருந்தது 1861, அப்ப புழக்கத்துல இருந்த மெஷின். 2020ல வந்த ஸ்பீட்மாஸ்டர்ல 321ங்குற பழைய மெஷினையே திரும்ப உருவாக்கிட்டாங்க, அதுக்கு 1972ல அப்போலோ 17ல நிலாவுக்குப் போன ஜீன் செர்னனோட வாட்சையே உள்ள வரைக்கும் ஸ்கேன் எடுத்தாங்களாம். 321ல ஸ்டாப்வாட்சை ஓட்டி நிறுத்துறது சின்னச் சின்ன தூண் நிக்கிற ஒரு சக்கரம், 1968ல வந்த 861ல அதை எடுத்துட்டு செய்றதுக்கு சுலபமான வேற அமைப்பு வச்சாங்க. வாட்சைத் திருப்பிப் பார்த்தாத்தான் தெரியுற ஒரு சக்கரத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்காங்கல்ல, அந்த மரியாதைதான் எங்களை மாதிரி ஆளுங்களை இழுக்குது. விலை எனக்கு எட்டாது, அது வேற.

எனக்கு எட்டினது டைமெக்ஸ் மார்லின். அறுபதுகள் மாடலை 2017ல திரும்ப விட்டாங்க, 34 மில்லிமீட்டர், சாவி கொடுக்குறது, கண்ணாடி கூட பழைய மாதிரி அக்ரிலிக்தான், கீறல் விழுந்தா பாலிஷ் போட்டு எடுத்துடலாம். மெஷின் சைனாவுதுன்னு சிலர் முகம் சுளிப்பாங்க, தினமும் காலைல சாவி கொடுக்குறப்ப அந்த கிறுக் கிறுக் சத்தம் எனக்குப் போதும். மழைல பஸ்ஸுக்கு நிக்கும்போது பழைய வாட்சை நினைச்சுப் பதறுற மாதிரி இதை நினைச்சுப் பதற வேண்டியதில்ல, போனா வேற வாங்கிக்கலாம்.

என்னோட பெரிய ஏக்கம் எச்எம்டிதான். 1961ல சிட்டிசனோட சேர்ந்து பெங்களூர்ல ஆரம்பிச்சது, 2016ல வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்துடுச்சு. அவங்களோட ஜனதா மாடலும் பைலட்டும் இல்லாத வீடு எங்க தெருவுல கம்மி. அதே அளவுல, அதே கறுப்பு டயல்ல, லூமை வெள்ளையா வச்சு, பின்னாடி இந்த வருஷத்தைப் பொறிச்சு ஒரு பைலட் யாராவது ஒழுங்கா செஞ்சு குடுத்தா முதல் நாளே போய் வரிசைல நிப்பேன். அதுவரைக்கும் ஒரே வேண்டுகோள், உங்க வீட்டு பீரோல தாத்தாவோட பைலட் கறை புடிச்ச டயலோட கிடந்தா சர்வீஸ் பண்ணுங்க, ஆயில் விடுங்க, ஸ்ட்ராப் மாத்துங்க, டயல்ல மட்டும் யாரையும் பெயிண்ட் அடிக்க விடாதீங்க.