பின்பாட்டு இடம் மாறிய கதை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: காஸ்பல் என்ற தேவாலயப் பாட்டில் கடவுள் இருந்த இடத்தில் காதலியை வைத்தார்கள், அவ்வளவுதான். சான்றுகளும் உண்டு. ரே சார்ல்ஸ் 1954இல் பதிவு செய்த 'ஐ காட் எ வுமன்', சதர்ன் டோன்ஸ் குழு பாடிய 'இட் மஸ்ட் பி ஜீசஸ்' என்ற பக்திப் பாட்டைத் தழுவியது. காஸ்பல் பாடகராக இருந்த சாம் குக் தம் 'வொண்டர்ஃபுல்' என்ற பக்திப் பாட்டையே 'லவபிள்' என்ற காதல் பாட்டாக்கி, டேல் குக் என்ற பெயரில் வெளியிட்டார். பெயரை மாற்றலாம், அந்தக் குரலை எங்கே ஒளிப்பது? கேட்டவர்கள் கண்டுகொண்டார்கள்.

எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. சொல்லை மாற்றுவது யாருக்கும் எளிது. தேவாலயத்திலிருந்து வந்த பெரிய சொத்து பின்பாட்டு என்பேன். ஒருவர் பாட, இன்னொருவர் ஆமோதிக்க, அந்த ஆமோதிப்பைப் பிடித்துக்கொண்டு முதலாமவர் மேலே ஏறுகிற முறை அது.

1962இல் வந்த 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மி' பாட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் சாம் குக் 'யே' என்கிறார். சற்றுத் தாழ்ந்த குரல் ஒன்று 'யே' என்று பதில் தருகிறது. மூன்று முறை, வேறு சொல்லே கிடையாது. பதில் தருபவர் லூ ரால்ஸ். பில்கிரிம் டிராவலர்ஸ் என்ற காஸ்பல் குழுவில் பாடியவர். 1958இல் இருவரும் சேர்ந்து போன கார் விபத்தில் சிக்கி, ரால்ஸ் பிழைத்ததே பெரிது. அந்த மூன்று 'யே'க்களில் காதல் சோகத்தைவிட, பிரார்த்தனையில் பக்கத்தில் நிற்பவர் தரும் ஆறுதல்தான் எனக்குக் கேட்கிறது.

இதைக் குக் கற்ற இடம் சோல் ஸ்டிரர்ஸ் என்ற காஸ்பல் குழு. அங்கே முதல் குரல் இரண்டு. பால் ஃபாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவார். குக் மென்மையாகச் சங்கதிகளை உருட்டுவார். 1955இல் லாஸ் ஏஞ்சலஸ் ஷ்ரைன் அரங்கில் அவர்கள் பாடிய 'நியரர் டு தீ' பதிவு கிடைக்கிறது. ஒரே வரியைக் குக் திரும்பத் திரும்பப் பிடித்து இழுக்க இழுக்கக் கூட்டம் அலறுகிறது. அந்த அலறலும் பாட்டின் பகுதிதான்.

சோல் இசைக்கு முதுகெலும்பு தந்தது ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற ஆட்ட இசை: சாக்ஸபோன், அழுத்தமான டிரம்ஸ், ஆட வைக்கும் தாளம். பக்தியைத் தெருவுக்கு இழுத்துவிட்டார்கள் என்று அன்று பலர் கொதித்தார்கள். ஆனால் காஸ்பலின் தந்தை எனப்படும் தாமஸ் டார்சியே 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் என்ற உலகியல் பாட்டைப் பாடி, பியானோ வாசித்தவர். அந்தப் பியானோவோடுதான் தேவாலயத்துக்குள் வந்தார். போக்குவரத்து ஆரம்பத்திலிருந்தே இருவழியாகத்தான் இருந்தது.

காஸ்பலும் ரிதம் அண்ட் ப்ளூஸும் முழுதாகக் கலந்த இடம் என்று நான் சொல்வது 1963 ஜனவரியில் மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் பதிவான குக்கின் கச்சேரி. கிங் கர்டிஸின் சாக்ஸபோன் பின்னால் முழங்குகிறது. 'பிரிங் இட் ஆன் ஹோம்' தொடங்கும் முன், காதலியைத் தொலைபேசியில் அழைக்கும் கதையைக் குக் பிரசங்கம் போலவே கட்டி எழுப்புகிறார், குரல் கரகரத்துப்போகிறது. பிறகு அந்த 'யே' வருகிறது. ரால்ஸ் தந்த பதிலை இங்கே கூட்டமே தருகிறது. ஷ்ரைனில் கேட்ட அதே அலறல்.

இந்தப் பதிவை இசைத்தட்டு நிறுவனம் 1985 வரை வெளியிடவில்லை. குக்குக்கு அவர்கள் வளர்த்து வைத்திருந்த நாசூக்கான பிம்பத்துக்கு இந்தக் குரல் முரடாகப் பட்டதாம். அவர் இறந்தது 1964 டிசம்பரில். அவருடைய மிகச் சிறந்த பாட்டை இருபது ஆண்டுகளுக்கு மேல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.