அந்தி வெயிலில் மூன்று மனிதர்கள்

2025 ஜனவரி 6

சீன மொழியில் பெரும்பாலும் நான்கே எழுத்துகளில் அடங்கிவிடும் செங்யூ என்னும் மரபுத்தொடர்களுள், கதிரவனைப் பற்றியவற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். உதயத்தைச் சொல்பவை மகிழ்ச்சியானவை. ‘கிழக்கில் எழும் இளஞ்சூரியன்’ என்பது செழித்து வளரும் எதற்கும் பொருந்தும். 1957-இல் மாஸ்கோவில் சீன மாணவர்களிடையே பேசிய மாவோ, இளைஞர்களைக் காலை எட்டு, ஒன்பது மணிச் சூரியனுக்கு ஒப்பிட்டதும் அந்த மரபில் வந்ததுதான். ஆனால் என் மனம் மறையும் சூரியனிடமே போகிறது. அந்தித் தொடர்கள் பலவற்றின் பின்னால், பொழுது போதாமல் தவித்த ஒரு மனிதர் நிற்கிறார்.

ஜனவரி 9

‘மேற்கு மலையை நெருங்கிய சூரியன்’ என்ற தொடர் நிலைபெறக் காரணமானது லீ மியின் விண்ணப்பம். ஷூ நாடு 263-இல் வீழ்ந்தபின், அதில் பணியாற்றியிருந்த அவரைப் புதிய ஜின் வம்சத்தின் பேரரசர் வூ பதவியேற்க அழைத்தார். மறுத்தால் பழைய அரசின்மீது பற்று என்ற ஐயம் எழும். ஏற்றால் படுக்கையில் கிடக்கும் 96 வயதுப் பாட்டியைக் கவனிக்க ஆள் இல்லை. பிறந்த ஆறாம் மாதத்தில் தந்தையை இழந்து, நான்கு வயதில் தாயும் மறுமணமாகிப் பிரிந்துவிட, ஒன்பது வயதுவரை நடக்க இயலாமல் நோயுற்றிருந்த அவரை வளர்த்து ஆளாக்கியவர் அந்தப் பாட்டிதான்.

தமக்கு வயது 44 என்பதால் பேரரசருக்கு உழைக்க இன்னும் நெடுநாள் உண்டு, பாட்டிக்கு நன்றிக்கடன் செலுத்தும் நாளோ குறுகிவிட்டது என்று லீ மி கணக்குச் சொல்லும் இடத்தை இன்று பலமுறை படித்தேன். பேரரசர் இணங்கினார். இக்காலத்தில் அத்தொடர் நலிந்த ஆட்சிகளையும் நொடித்துப்போன நிறுவனங்களையும் சுட்டப் பயன்படுகிறது. பாட்டிக்கு மருந்துக் கஷாயம் கொடுத்து அருகிலேயே இருந்த பேரன் அதில் மறைந்துபோனது எனக்கு வருத்தமே.

ஜனவரி 10

‘பொழுது சாய்ந்தது, வழியோ நெடிது’ என்பது வூ ஜிஷுவின் சொல். தம் தந்தையையும் தமையனையும் கொன்ற சூ நாட்டு மன்னன் பிங்கைப் பழிவாங்க அவர் வூ நாட்டுப் படையுடன் கி.மு. 506-இல் திரும்பி வந்தபோது, மன்னன் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்லறையைத் தோண்டிப் பிணத்தை எடுத்து 300 சாட்டையடி கொடுத்தார் என்று சீமா சியானின் வரலாறு கூறுகிறது. பழைய நண்பர் ஷென் பாவ்ஷூ ஆளனுப்பிக் கண்டித்தபோது அவர் சொன்ன விடைதான் இத்தொடர். அவருடைய துயரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பொழுது போய்விட்டது என்பதை அந்தச் செயலுக்கு நியாயமாக என்னால் ஏற்க முடியவில்லை.

ஜனவரி 14

கி.பி. 27-இல் ஹான் தளபதி ஃபெங் யி, புருவங்களில் செஞ்சாயம் பூசிய கிளர்ச்சிப் படையிடம் தோற்று, குதிரையைக் கைவிட்டு, ஒருசிலருடன் ஹுயிஷி மேட்டில் கால்நடையாக ஏறித் தப்பினார். பின்னர் படை திரட்டி, எதிரிகளைப் போலவே உடையணிந்த வீரர்களைச் சாலையோரம் பதுங்கவைத்தார். பகல் சாய்ந்து எதிரிகள் சோர்ந்த வேளையில் அவர்கள் பாய்ந்தெழ, தம்மவர் யார், பகைவர் யார் என்று தெரியாமல் கிளர்ச்சிப் படை கலைந்தோடியது. 80,000 பேர் சரணடைந்தனர்.

ஹுயிஷியில் சிறகு தாழ்ந்தாலும் மியான்சியில் சிறகு விரித்தீர், கிழக்கு மூலையில் இழந்ததை அந்தி வெயில் படும் முசுக்கொட்டை, எல்ம் மரங்களிடையே மீட்டுவிட்டீர் என்று பேரரசர் குவாங்வூ அவருக்கு எழுதினார். இந்தத் தொடரை மற்ற இரண்டையும்விட நான் விரும்புவதற்குக் காரணம், பாராட்டுக் கடிதத்திலும் பேரரசர் ஹுயிஷித் தோல்வியை மறைக்காமல், அதையே முதலில் எழுதியதுதான்.