கேரவனில் கோடியக்கரை போய் வந்தோம்

கேரவன் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் முதலில் ஜெனரேட்டரைப் பற்றிக் கேளுங்கள். எங்களிடம் போனில் பேசியபோது "எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 9,000 ரூபாய்" என்றுதான் வண்டிக்காரர் சொன்னார். திருச்சிக்குத் திரும்பி வண்டியை ஒப்படைத்ததும் கையில் ஒரு பில்லைக் கொடுத்தார். ஜெனரேட்டருக்கு மணிக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா, கூடுதல் கிலோமீட்டர், தண்ணீர் நிரப்பிய செலவு, வண்டி கழுவும் கூலி என்று எல்லாமே தனித்தனியாக அதில் இருந்தது. கழுவும் கூலி மட்டும் 2,000. நாங்கள் பெருக்கித் துடைத்துத்தான் வண்டியைக் கொடுத்தோம். என் கணவர் நெடுநேரம் வாதாடி அதை மட்டும் பாதியாகக் குறைத்தார். மற்றதெல்லாம் கட்டினோம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் போன கோடியக்கரை, வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் காடு, அப்பேர்ப்பட்ட இடம். அதனால் வழி, தங்குமிடம், சாப்பாடு, செலவு என்று முறையாகவே எழுதப் பார்க்கிறேன்.

நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், என் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் காலை மடக்கி உட்கார முடியாது, லாட்ஜ் மாடிப்படி ஏற முடியாது. அவரை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனசில்லை. அவருக்காகத்தான் கேரவன். டெம்போ டிராவலரை உள்ளே மாற்றிக் கட்டிய வண்டி. பின்னால் கட்டில், விரித்தால் படுக்கையாகும் சோபா, சின்ன அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், ஓர் ஆள் நுழையக்கூடிய கழிவறை. எந்த ஊரில் நிறுத்தினாலும் "ஷூட்டிங்கா? யாரு வந்திருக்கா?" என்று ஒரு கூட்டம் கூடிவிடும். எங்கள் பிள்ளைகள் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் மன்னார்குடியில் எங்களுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கிடைத்தது.

பொங்கல் முடிந்து, ஜனவரிக் கடைசி. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. திறப்பதற்குள் அத்தை எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டார், டிரைவருக்கும் சேர்த்து. மன்னார்குடியில் ஹரித்ரா நதிக் கரையில் கொஞ்ச நேரம். 23 ஏக்கர் தெப்பக்குளம், தண்ணீர் நிறைந்து கிடந்தது. "மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்று அத்தை சொல்ல ஆரம்பித்தார். அந்த இரண்டும் இந்த ஒரே பாதையில் இருக்கின்றன.

அதற்கப்புறம் ரோடு முழுக்க அறுவடைதான். இரண்டு பக்கமும் சம்பா. அறுவடை இயந்திரங்கள் முன்னால் ஊர்ந்துகொண்டே போயின. ஓரிடத்தில் ரோட்டின் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் டிரைவர் அதன் மேலேயே வண்டியை ஏற்றப் போனார். நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா முன்னால் வந்து நின்று விட்டார். நியாயம் அவர் பக்கம்தான். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் தகராறு. ஜனவரிப் பனியில் அறுத்த நெல் அந்த அளவுக்குக் காய வெயிலும் வேண்டும், இடமும் வேண்டும். களம் இல்லாதவர்கள் தார் ரோட்டைத்தான் நம்ப முடியும். நாங்கள் இறங்கி, டிரைவருக்கு வழி காட்டி, எதிர்ப்பக்கமாக ஒதுக்கிக் கொண்டுபோனோம். ரோட்டில் நெல்லா என்று காரிலிருந்து திட்டுகிறவர்கள் ஒருமுறை இறங்கி அவர்களிடம் பேசிப் பாருங்கள்.

அதே டிரைவரோடு பெரிய சண்டை திருத்துறைப்பூண்டி தாண்டி வந்தது. வண்டிக் கழிவறையின் கீழே ஒரு தொட்டி உண்டு. அது நிரம்பப் போகிறது என்றார். "இருட்டினதும் இந்த வாய்க்கால்ல திறந்து விட்டுடலாம் மேடம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அத்தை எழுந்தே விட்டார். "தம்பி, இது பாசன வாய்க்கால். இந்தத் தண்ணியிலதான் நாத்து நட்டோம், இதுலதான் குளிச்சோம். கையை வைக்காதே."

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாறு மறுபடி பல ஆறுகளாகப் பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் சின்னக் கன்னி வாய்க்காலாகி, பாசனத்தின் கடைசி முனையான இந்தக் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் வயல் பாதி காய்ந்துவிடும் வருஷங்கள் உண்டு. அப்படி வந்து சேர்கிற தண்ணீரில் கழிவைக் கலப்பதா? "எல்லாரும் அப்படித்தான்" என்றால் அந்த எல்லாரும் செய்வது அயோக்கியத்தனம். கேரவனை வாடகைக்கு விடுகிறவர்கள் தொட்டியை எங்கே காலி செய்வது என்று சொல்லாமல் வண்டியை அனுப்பக் கூடாது. சுற்றுலாவை வளர்க்கிறோம் என்கிறவர்கள் ஊருக்கு ஒரு இடம், அதில் ஒரு குழாய், ஒரு பிளக், கழிவை இறக்க ஒரு மூடி வைத்துக் கொடுத்தாலே போதும்.

அப்படி ஒரு இடம் இல்லாத நிலையில் எங்களைக் காப்பாற்றியது ஒரு கல்யாண மண்டபம். டெல்டாவில் கேரவனோடு போகிற எல்லாருக்கும் இதைத்தான் சொல்வேன். வேதாரண்யத்துக்கு முன்னாலேயே ஒரு மண்டபத்தில் வாட்ச்மேனிடம் கேட்டோம். முகூர்த்தம் இல்லாத நாள். அவர் போனில் ஓனரிடம் பேசி, ராத்திரிக்கு 500 ரூபாய் என்றார். காம்பவுண்டுக்குள் வண்டி நிறுத்தலாம், கழிவறை, குளியலறை, தண்ணீர், பிளக் எல்லாம் உண்டு. செப்டிக் டேங்க் மூடியையும் திறந்துவிட்டார், தொட்டியை அதில் காலி செய்தோம். தை மாதம் என்பதால் முகூர்த்த நாளாக இருந்திருந்தால் வாசலில்கூட இடம் கிடைத்திருக்காது. கிளம்புமுன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மண்டபத்து பிளக்கில் கேரவன் ஏசியைப் போட்டால் பியூஸ் போகும். ஜன்னல் வலை கிழியாமல் இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே பாருங்கள். எங்கள் வண்டியில் கிழிந்திருந்தது, கொசுவுக்குப் பயந்து கதவைச் சாத்தினோம், சாத்தியதால் ஏசி, ஏசிக்காக ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு அந்த பில்.

சரி, கோடியக்கரை.

வேதாரண்யத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர் இருக்கும். இருட்டோடு கிளம்பினோம். பிள்ளைகளை எழுப்பவே இல்லை, கட்டிலோடு கூட்டிப்போய்விட்டோம். இந்த ஒன்றுக்காகக் கேரவனை மனதார வாழ்த்துவேன். காட்டுக்குள் வண்டி போகாது. மணல் பாதை, தாழ்ந்த கிளைகள். ஊருக்குள் நிறுத்தி, வனத்துறையில் கட்டணம் கட்டி, ஒரு ஆட்டோ பேசி, வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரரோடு உள்ளே போனோம். அத்தையும் ஆட்டோவில் வந்தார்.

காடு என்றதும் மேற்குத் தொடர்ச்சி மலையை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது கடலோரத்து உலர் பசுமைமாறாக் காடு. மரங்கள் உயரம் இல்லை, நெருக்கமாக, காற்றுக்குச் சாய்ந்து நிற்கும். பாலை மரங்களும் முள்ளுப் புதர்களுமாகப் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று புதர் விலகி வெட்டவெளிப் புல்தரை. பனி தரையோடு தரையாகக் கிடந்தது. அங்கே வெளிமான்கள்.

முதலில் பெண்மான்கள்தான் தெரிந்தன, வெளிர் பழுப்பு நிறத்தில், புல்லோடு புல்லாக. எண்ண ஆரம்பித்த மகள் பாதியில் நிறுத்திவிட்டாள். அப்புறம் ஆண்மான் வந்தது. மேலே கருப்பு, வயிறும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை, திருகு திருகாக நீண்ட கொம்பு. தலையைப் பின்னால் சாய்த்து, கொம்பை முதுகில் படியவிட்டு, மெதுவாக நடந்தது. இன்னொரு ஆண்மான் பக்கத்தில் வந்ததும் இரண்டும் கொம்பைக் கோத்துக்கொண்டன. சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. தோற்றது ஓடியபோது கூட்டம் முழுக்கத் துள்ளியது. ஓட்டம் இல்லை அது, நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்பும் துள்ளல். மகன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றான். நானும்தான். டிவியில் எத்தனையோ முறை பார்த்தது எதுவும் இதற்கு ஈடில்லை.

பக்கத்திலேயே குதிரைகளும் மேய்ந்தன. யாரோ எப்போதோ விட்டுவிட்டுப் போன குதிரைகளின் வம்சம், இப்போது காட்டுக் குதிரைகளாகிவிட்டன. பார்க்க அழகு. ஆனால் மான் மேய்கிற அதே புல்லைத்தான் அவையும் மேய்கின்றன என்றார் வழிகாட்டி. சீமைக்கருவேலமும் புல்தரையை ஓரத்திலிருந்து விழுங்கிக்கொண்டு வருகிறது. வெளிமானுக்கு வெளி வேண்டும், தூரத்தில் ஆபத்தைப் பார்க்கவும் ஓடவும். புதர் மூடினால் அதற்கு வாழ்க்கை இல்லை. 1967இல் இந்த மானுக்காகச் சரணாலயம் ஆக்கிய இடம் இது. சீமைக்கருவேலத்தை வெட்டுவதோடு விடாமல் வேரோடு எடுக்க வேண்டும்.

எட்டரை மணிக்குள் வெயில் ஏறி, மான்கள் புதர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டன. ஒன்பதரைக்கு வந்த ஒரு வேன் கூட்டம் "ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லிக்கொண்டு குரங்குகளுக்குச் சிப்ஸ் போட்டது. பாக்கெட்டோடு. குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று போர்டு இருக்கிறது. போய்ச் சொன்னேன், முறைத்தார்கள். பாக்கெட்டுகளைப் பிள்ளைகளும் நானும் பொறுக்கி வந்தோம்.

பூநாரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் வரும், இந்தச் சதுப்பு 2002இலிருந்து உலகின் முக்கிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் படத்தில் பார்க்கிற மாதிரி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சேற்றுப் பரப்பின் அந்தக் கோடியில் ஒரு வெளிர் ரோஜா நிறக் கோடு தெரியும். வழிகாட்டியின் பைனாகுலர் வழியாகப் பார்த்தபோதுதான் தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு அலசித் தின்பது தெரிந்தது. பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

சோழர் கால கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது, இடிபாடு கிடக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரையேறியது. அது சாய்த்த மரங்களின் அடையாளம் வழிநெடுக இன்னும் கண்ணில் படுகிறது.

இப்போது மீன். கரையில் வலையிலிருந்து எடுத்த மடவையும் இறாலும் வாங்கினோம். வண்டிக்குள் மீன் சமைக்கக் கூடாது என்பது வண்டிக்காரரின் நிபந்தனை. மண்டபத்துச் சமையல்கட்டில் விறகடுப்பு இருந்தது. வாட்ச்மேன் வீட்டம்மா அம்மி கொடுத்தார், அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. சின்ன வெங்காயம், பூண்டு, நாட்டுத் தக்காளி, அரைத்த மிளகாய், கடைசியில் தேங்காய்ப் பால். அப்பப்பா. மடவை முட்டையைத் தனியாக வறுத்தார்கள். வாட்ச்மேன் குடும்பமும் நாங்களும் மண்டபத்துப் பந்தி மேசையில் இலை போட்டுச் சாப்பிட்டோம். டிரைவர் மூன்று முறை சோறு வாங்கினார், வாய்க்கால் சண்டை அதோடு தீர்ந்தது. வழியில் ஒரு பெரிய ஓட்டலில் எங்கள் ஐந்து பேருக்கு 1,400 ரூபாய் கொடுத்து ஆறிப்போன சாப்பாடு சாப்பிட்டிருந்தோம். இங்கே மீன், இறால், அரிசி, விறகு எல்லாம் சேர்த்து அதில் பாதிகூட ஆகவில்லை.

சாயங்காலம் வேதாரண்யம் கோயில். அப்பர் பாடித் திறந்த கதவு, சம்பந்தர் பாடி மூடிய கதவு என்று கேட்டதும் பிள்ளைகள் வாசலில் நின்று அவர்களுக்குத் தெரிந்த பாட்டைப் பாடினார்கள். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண். 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜி எங்கள் திருச்சியிலிருந்து நடந்து கிளம்பி, 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார். வழியில் யாரும் சோறு போடக் கூடாது என்று கலெக்டர் தார்ன் மிரட்டியும் ஜனங்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலம் கட்டி வைத்தார்கள். நாங்கள் டீ குடித்துக்கொண்டு வந்த பாதை என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. சுற்றிலும் இன்றைக்கும் உப்பளம்தான். மழைக்காலம் முடிந்து பாத்திகளை மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குத் திரும்பும் வழியில் போகலாம் என்றிருந்தோம். படகுக்குக் கேட்ட தொகை நியாயமே இல்லை. எங்களுக்கு முன்னால் போன உள்ளூர்க் குடும்பத்திடம் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. கேரவனைப் பார்த்துச் சொன்ன விலை அது. திரும்பிவிட்டோம்.

செலவுக் கணக்கு: மொத்தச் செலவில் முக்கால்வாசி வண்டிக்கே போனது. வீட்டில் நடக்க முடியாத பெரியவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் கேரவன் எடுங்கள். ஜெனரேட்டர், பேட்டா, கிலோமீட்டர், கழுவும் கூலி நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். மற்றவர்களுக்கு அது வேண்டாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023இலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. அதில் வந்து, கோடியக்கரையில் வனத்துறை விடுதிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துத் தங்கினால் விடியலில் காட்டு வாசலிலேயே இருப்பீர்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான் காலம். ஆட்டோவை முதல் நாள் ராத்திரியே பேசிவிடுங்கள், காலையில் ஒன்றும் கிடைக்காது.